நான் பார்க்காத நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். பேசினால் குரல் உடைந்துவிடும், அதனால் வாட்ஸப்பில் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி? அம்மா எங்கே என்று என்னைத் தேடி அழாமல் ஆதிரை சாப்பிடுகிறாளா?

நேற்று சிரித்துக்கொண்டே சொன்னீர்களே: "நீ கூப்பிடாதப்பவும் லேப்டாப்புல கேமரா விளக்கு எரியுதுடி. நீதான் பாக்குறேன்னு பாப்பாவ முத்தம் குடுக்கச் சொன்னேன்." அம்மா, அப்போது நான் இங்கே வெளிநாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் வேலையாக இருந்தேன். நான் பார்க்கவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் நைஜலிடம் கேட்டேன். "கேமராவத் தொறந்து பாக்குற மாதிரி புது வைரஸ் டெய்லி வருது லா அக்கா. அதோட அடையாளத்த ஆன்டிவைரஸ் நெட்லேர்ந்து இறக்கிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா பழைய திருடன மட்டும்தான் அதுக்குத் தெரியும்," என்றான். நாம் பேசும்போது படம் நிற்கக்கூடாதென்று வீட்டு லேப்டாப்பில் அந்த இறக்கும் வேலையை இரவுக்கு மாற்றி வைத்தது நான்தான். நீங்களோ படுக்கும்முன் மோடத்தை அணைத்துவிடுகிறீர்கள். நான் இங்கே வந்ததிலிருந்து அந்த ஆன்டிவைரஸ் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

பெரிதாக ஒன்றும் இருக்காது. கேமரா மேல் உங்கள் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, லேப்டாப்பைக் கடையில் சுத்தம் செய்யக் கொடுங்கள். அவள் தூங்கும்போது போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் கண்ணை மூடினால் அவள் யாருக்கோ முத்தம் கொடுக்கிறாள்.

பொட்டு ஒட்டியதும் சீக்கிரம் பதில் போடுங்கள் அம்மா.

பவித்ரா