திப்பி தின்ற மாட்டின் பால்

புதன்கிழமை காலை

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு உன் சித்தப்பா தீனதயாளன் எழுதுவது. நான் எதையெல்லாம் நடக்கும் என்றேனோ அதெல்லாம் இங்கே நடந்துவிட்டது, மற்றபடி நானும் உன் சித்தி ராணியம்மாளும் இரண்டு மாடும் சுகம், கௌஹாத்தி மழையில் நீ சளி பிடிக்காமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். ஜனங்களுக்கு அறிவைக் கொடுத்தால் அதை வைத்து முதலில் திருடத்தான் பார்ப்பார்கள் என்று ஆறு மாதம் முன்பே நான் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, பல பேரிடம் சொன்னேன்.

நீ வாரத்துக்கு ஒன்றாக அனுப்பும் ஐந்து நிமிடப் பேச்சுகளைத் திங்கட்கிழமை காலையில் பால் சொசைட்டி மைக்கில் போனை வைத்துப் போடுகிறேன் அல்லவா, வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்கிறார்கள். ரயில் தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விட்டார்கள், செல்போன் டவர் எப்படிப் பேச்சைத் தூக்கிக்கொண்டு போகிறது, அந்தக் காலத்தில் அம்மை ஊசிக்கு ஏன் பயந்து ஓடினார்கள், பெண்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு எப்படி வந்தது, எல்லாம் கேட்டாயிற்று. நீ முடித்ததும் நான் பத்து நிமிடம் விளக்கம் கொடுப்பேன். டவர் பேச்சு அன்றைக்கு, திருக்கோவிலூரில் டவர் நட்டபோது இன்ஜினியர் என்னைக் கேட்டுத்தான் இடம் குறித்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எட்டாவதோடு நிறுத்தியவன் பேச்சுக்கு வரிசை கலையாமல் நின்றது என்றால் பார்த்துக்கொள். பாலை ஊற்றாமல் எப்படிக் கலைவார்கள் என்று உன் சித்தி கேட்டாள், அது வேறு விஷயம்.

போன மாதம் பாலைப் பற்றி அனுப்பினாயே, அதில்தான் சனி பிடித்தது. தண்ணீர் ஊற்றிய பாலை லாக்டோமீட்டர் டிகிரி இறங்கிக் காட்டிக்கொடுக்கும், அதை மறைக்கச் சில பேர் மாவு கரைப்பார்கள், ஆனால் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவுள்ள பால் நீலமாகிவிடும் என்று நீ அழகாகத்தான் சொன்னாய். இவர்கள் முன்னையும் கேட்கவில்லை, பின்னையும் கேட்கவில்லை, நடுவில் வந்த மாவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே சின்னசேலம் பக்கம் போய் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி மாவு வாங்கி வராத வீடு கம்மி. ஆறின பாலின் மேல் ஏடு படியவில்லை, கஞ்சி படிகிறது. டீக்கடையில் டம்ளரை வைத்தால் மேஜையோடு ஒட்டிக்கொள்கிறது, அந்தப் பாலை வாங்கிப் போய்க் கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டலாம். உதட்டைத் துடைத்தால் துண்டு மொடமொடவென்று ஆகிறது. பச்சைக் குழந்தைக்கும் இதைத்தானே காய்ச்சிக் கொடுக்கிறார்கள், என்ன ஜென்மங்களோ.

சொசைட்டிச் செயலாளர் சுபாஷ் ஒருவன்தான் உன் பேச்சைக் கடைசி வரை கேட்டவன். மெடிக்கல் கடையில் அயோடின் வாங்கி வந்து, ஊருக்கே அறிவு சொல்கிறவர் வீட்டுப் பாலில் தொடங்குவதுதான் மரியாதை என்று நம் கேனில் எடுத்து முதல் சொட்டு விட்டான். விழுந்த இடம் பேனா மை கொட்டின மாதிரி ஆயிற்று. "இன்னா தயாளண்ணா, உங்க வூட்டுப் பாலே நீலமா கீது" என்று அவன் கேட்டது மைக்கில் போய்த் தெரு முழுக்கக் கேட்டது. கேனைக் கொண்டுவந்தவள் உன் சித்தி, எல்லார் கண்ணும் அவள் மேல்தான். கேனை அங்கேயே வைத்துவிட்டு நடந்தவள், இந்தப் பத்து நாளாய்ச் சொசைட்டிப் பக்கம் போகவில்லை, என்னோடும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு சரி. நான் அசரவில்லை. மைக்கைப் பிடித்து விளக்கம் கொடுத்தேன். கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை இருக்கிறதே, திப்பி, அதைத் தின்கிற மாட்டின் பால் தானாகவே அயோடினுக்கு நீலமாகும், சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாட்டு டாக்டர் எனக்கு அரை மணி நேரம் இதைச் சொன்னார், தங்க பிரேம் கண்ணாடி, மூன்று தேசத்துப் படிப்பு என்றேன். சுபாஷ் தலையைச் சொறிந்துகொண்டு பாலை அளந்துகொண்டான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அசிங்கம். மறுநாளிலிருந்து யார் பால் நீலமானாலும் திப்பி. திப்பி மூட்டையைக் கண்ணால் பார்க்காத மாடெல்லாம் திப்பி தின்கிறதாம். சுபாஷ் வாயைத் திறந்தால் தயாளண்ணன் டாக்டரைப் போய்க் கேள் என்கிறார்கள். எல்லார் பாலும் ஒன்றாய்க் கலந்து வேனில் போகிறது, கூலிங் சென்டரில் மூன்று நாளாய் நம் ஊர்ப் பாலை மொத்தமாகத் திருப்பிவிட்டார்கள். நேற்றும் அத்தனையையும் பின்பக்கக் கால்வாயில் கொட்டினார்கள். வெயிலில் அது பசையாய் இறுகி, மேலே ஈ மொய்த்து, நாய்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. கல்வராயன் மலையில் மேகம் திரண்டு நிற்கிறது, ஒரு மழை பெய்து கழுவினால்தான் உண்டு. வருகிற வாரமும் இப்படியே என்றால் வேனே வராது என்று சொல்லிவிட்டார்கள்.

கிழக்குத் தெரு பூமாலையை உனக்குத் தெரியும், ஒற்றை மாடு, களையெடுக்கப் போகிற இடத்தில் வரப்புப் புல்லை அறுத்து வந்து போடுகிறவள். சுபாஷ் எத்தனை தடவை சொட்டு விட்டாலும் அவள் பாலில் நீலம் வரவில்லை. அதுவும்தான் கால்வாயில் போனது. நேற்று அவள் வரிசையை விட்டு வந்து என் எதிரில் நின்றாள். "ஏண்ணா, ஊரு மாடெல்லாம் ஒரே நாள்ல திப்பி தின்னுச்சா? எம்மாடு புல்லத் தின்னுக்கினு கீது, அது பாலும் மோரியில போவுது. செல்விப் பொண்ணு வாயால சொல்லட்டும், திப்பிதான்னு அது சொல்லிட்டா நான் மாட்ட வித்துட்டு இந்தப் பக்கமே வரல" என்றாள். அதுதான் சரி என்று மொத்த வரிசையும் சொல்லிவிட்டது. வருகிற திங்கட்கிழமை உன் பேச்சில் நீ என்ன சொல்கிறாயோ அதுதான் தீர்ப்பு.

போனில் பேசினால் உன் சித்தி பக்கத்திலேயே இருப்பாள், அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்ப இன்றைக்கே கள்ளக்குறிச்சி போகிறேன், கைக்கு வரும்வரை எதையும் பேசிப் பதிவு பண்ணாதே. திப்பி விஷயத்தில் அந்த டாக்டர் சொன்னது சரிதான் என்று பட்டும் படாமல் ஒரு வரி சேர்த்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். டாக்டர் பெயரைக் கேட்பாயே என்று அதையும் எழுதப் போனேன். பெயர் வைப்பது எனக்கு ஒரு நொடி வேலை, நீ அறியாததா. வரிசையில் நிற்கிற எவனும் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பான். நீ சொன்னால் பூமாலை முழுதாக நம்பி மாட்டை விற்றுவிடுவாள்.

ஈரத் தலையோடு படுக்காதே, பாலை வாங்கினால் முதலில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார், எந்த ஊரையும் நம்பாதே. நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் பேச்சு நாலு பேருக்கு உபயோகமாக வேண்டும், எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் திங்கட்கிழமை உள்ளதையே பேசு. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் எந்த டாக்டரும் என்னோடு பேசவில்லை, அப்படி ஓர் ஆளே கிடையாது. மாவு கரைத்ததும் உன் சித்தி இல்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தீனதயாளன்