என்னைக் கேட்காமல் ஒரு பன்றிக் காவலர்

டிசம்பர் 4, 1787

இன்றும் எங்கள் விடுதியில் புதிய அரசியல் சட்டத்தை உரக்கப் படித்தார்கள். படித்தவர் எங்கள் தேவாலயத்தின் டீக்கன் டில்லிங். கத்தியவர் அப்பா. முதல் வரியைத் தாண்டுவதற்குள் ஒரு பீப்பாய் ஆப்பிள் மது தீர்ந்துவிட்டது.

"'மக்களாகிய நாங்கள்'னு போட்டிருக்கான். எந்த மக்கள்? என்னை யாராவது கேட்டாங்களா? உம்மைக் கேட்டாங்களா?"

"ஜோத்தம், பேசாம இருக்கிறவன் ஒத்துக்கிட்டவன்தான். பெரிய ஞானிங்க எழுதி வச்சிருக்காங்க. ராஜபாட்டையில நடந்தாலே அந்த நாட்டுச் சட்டத்துக்குச் சம்மதம்னு அர்த்தம்."

"என் பன்னிகூடத்தான் அதுல நடக்குது! அதுவும் சம்மதிச்சிடுச்சா?"

பீரில் முக்கி அதைச் சூடாக்குவதற்காக அடுப்பில் இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிவிட்டேன்.

ஆனால் டீக்கன் சொன்னது உறுத்துகிறது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்றால், மாசசூசெட்ஸிலேயே அதிகமாகச் சம்மதித்தவள் நான்தான். பதினோரு வயதில் வாத்தியார் பாடம் ஒப்பிக்கச் சொன்னார். மதியம்வரை வாய் திறக்காமல் நின்றேன். "பேசாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு, மாவு பிசையட்டும்" என்றார் அப்பா. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 11

சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பாஸ்டனில் நடக்கும் மாநாட்டுக்கு அப்பாவைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது ஊர். சட்டம் வேண்டாம் என்று வாக்களிக்க வேண்டும் என்பது கட்டளை. டீக்கன் விடவில்லை. அதிகாரத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்றை மற்றொன்று கவனித்துக்கொள்ளும் என்று விளக்கினார்.

"ஒருத்தனையே நம்ப முடியல. மூணு பேரை நம்பணுமா?"

அம்மா தட்டு கழுவிக்கொண்டே சொன்னாள்: "நம்ப முடியாதுன்னுதான் மூணு. மது விக்கிறது நீங்க. பீப்பாய் இருக்கிற நிலவறைச் சாவி என் இடுப்புல. ரெண்டும் உங்ககிட்டயே இருந்தா இந்த விடுதி எப்பவோ மிதந்து போயிருக்கும்."

டீக்கன் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

ஜனவரி 3, 1788

மாவு ஆலைக்காரர் மகன் ஆசகேல் விட்கோம் வந்தான். அப்பா பாஸ்டன் புறப்படுவதற்குள் பேச வேண்டுமாம். கோதுமையைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். பிறகு குரல் தாழ்ந்தது.

நான் முழங்கைவரை மாவில் இருந்தேன். பசியோடு வண்டிக்காரர்கள் மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எட்டிப் பார்த்து, "ஹிட்டி, ஆசகேல் நல்ல பையன், இல்ல?" என்றார்.

நான் மாவைப் பார்த்தேன்.

"சரி, முடிஞ்சுது" என்று போய்விட்டார்.

எது முடிந்தது?

ஜனவரி 5

கல்யாணச் சீருக்கு உனக்கு எத்தனை படுக்கை விரிப்பு வேண்டும் என்று அம்மா கேட்டாள். எது முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அம்மாவிடம், நான் சம்மதித்ததாகவே அப்பா சொல்லியிருக்கிறார்.

ஆசகேல் கெட்டவன் இல்லை. பேசுவதற்கு முன்பே காது சிவந்துவிடும். அது எனக்குப் பிடிக்கும். அவன் அம்மா வளர்க்கும் வாத்துகள்தான் என்னைக் கண்டால் கடிக்க ஓடிவரும். ஆனா அதெல்லாம் இல்ல— என்னைக் கேக்கணும்ல? ஒரே ஒரு வார்த்தை? 'எங்களைக் கேட்டாங்களா'ன்னு ஊரே அதிர கத்துற மனுஷன்!

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் குதிரையேறும்வரை வாசலில்தான் நின்றேன். கையசைத்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 14

அப்பா திரும்பிவிட்டார். சரி என்று வாக்களித்துவிட்டாராம்! ஊரில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. மீதிப் பேர் திட்டுகிறார்கள்.

"முதல்ல சட்டத்தை ஒத்துக்கிறோம், நாம கேட்ட திருத்தம் பின்னால. பெரிய மனுஷங்க வாக்குக் கொடுத்திருக்காங்க."

"வாக்குதானே? திருத்தம் எங்க?" என்றாள் அம்மா.

"வரும்."

"பையில இருக்கோ?"

அப்பா பாஸ்டன் சளி என்று இருமிப் போர்த்திக்கொண்டார்.

மார்ச் 3

தூங்குமுன் இதை எழுதிவிடுகிறேன்.

ஊர்க்கூட்டம். தேவாலயத்தில் மை உறைந்துவிட்டது, ஆகவே எல்லோரும் எங்கள் விடுதிக்கு வந்துவிட்டார்கள். டீக்கன்தான் தலைவர். வேலி பார்ப்பவர், சாலை பார்ப்பவர் என்று ஊர்ப் பொறுப்புகளுக்கெல்லாம் ஆள் தேர்ந்தெடுத்தாயிற்று. கடைசியில் பன்றிக் காவலர். புதிதாகக் கல்யாணமானவனைத்தான் அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். மாப்பிள்ளை ஊர்ப் பன்றிகளைத் துரத்தி ஓட வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும்.

"ஆசகேல் விட்கோம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே?" என்றார் டீக்கன்.

"ஜோத்தம் முடிச்சிட்டாரு! ஆன மாதிரிதான்!"

அத்தனை கைகளும் உயர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் கை.

அப்போது ஒரு குரல் கேட்டது. என்னுடையது.

"என்னை யாரும் கேக்கல."

கையிலிருந்த இரும்பைப் பீரில் முக்கினேன்; சீறி அடங்கியது. டீக்கன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கூட்டத்துல பொண்ணுங்க பேச விதி இல்லம்மா."

நிலவறைக் கதவருகிலிருந்து அம்மா: "அப்போ கூட்டத்தைப் பனிக்குள்ள நடத்துங்க. எங்க வீட்ல அவ பேசுவா." சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள். எல்லோரும் அவரவர் காலிக் குவளையைப் பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை.

"நீதான் ஒண்ணுமே சொல்லலையேடி!" என்றார் அப்பா.

"பேசாம இருந்தா சம்மதம் இல்லன்னு நீங்கதானேப்பா கத்தினீங்க? பன்னியைக்கூட சாட்சிக்குக் கூப்பிட்டீங்களே!"

இதைச் சொன்னது நான்தானா? நான்தான்.

ஆசகேல் எழுந்தான். காது இரண்டும் கனல். "அவ சொல்றது சரி. நான் அவங்க அப்பாவைத்தான் கேட்டேன். அவளைக் கேக்க... பயமா இருந்துச்சு."

மறுபடி கை தூக்கினார்கள். ஹிட்டியின் பதில் வரும்வரை பன்றிக் காவலர் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

மார்ச் 4

நாள் முழுக்கப் போர்வைக்குள். அப்பாவே ரொட்டி சுட்டார். கரி.

மார்ச் 20

ஆசகேல் வந்தான். கோதுமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். என்னை. நேராக.

நான் என் திருத்தங்களைச் சொன்னேன். வாத்துகள் போக வேண்டும். எங்கள் வீட்டு நிலவறைச் சாவி கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் இருக்க வேண்டும். இனி எதையும் என்னைக் கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

"முதல்ல சரின்னு சொல்லு. திருத்தமெல்லாம் அப்புறம் கண்டிப்பா பண்ணிடலாம்."

"நான் பாஸ்டனுக்குப் போய்ட்டு வரல. முதல்ல திருத்தம்."

கதவுக்கு வெளியே அப்பாவுக்குப் பாஸ்டன் சளி திரும்பி வந்தது. அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 12

ஆசகேல் ஒரு வாத்தோடு வந்தான். உரித்த வாத்து. இன்னும் பதினொன்று இருக்கிறதாம், தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறானாம்.

ஜூன் 30

இன்னும் எட்டு வாத்து.

மார்ச் 2, 1789

ஊர்க்கூட்டம். எங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதால் ஆசகேல் பன்றிக் காவலராகத் தேர்வு, எதிர்ப்பே இல்லை. பன்றி ஓட்ட நான்தான் கோல் சீவிக் கொடுத்தேன். குனியும்போது இடுப்புச் சாவி குத்துகிறது. பழகிவிடும்.

சாயங்காலம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பருகே உட்கார்ந்தார். புதிய அரசு நியூயார்க்கில் கூடப்போகிறதாம். அவருடைய திருத்தங்கள் இன்னும் வந்தபாடில்லை. ஜன்னல் வழியாக எங்கள் முற்றத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வாத்துகூட இல்லை.