அர்ச்சனைச் சீட்டில் யார் பெயர்

வெள்ளிக்கிழமை, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனதால், ஃபேர்லேண்ட்ஸில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் இன்றும் போனோம். நாங்கள் பேசியதையெல்லாம் குறித்துக்கொண்டவர், "இவ்வளவு நேரத்துல அவர் பேரை நீங்க ஒரு தடவைகூடச் சொல்லல. மனசுல விலகிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

புருஷன் பெயரைச் சொல்லாதது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க மேடம், இவ எப்பவுமே ஒட்டாமத்தான் இருக்கறா" என்று தலையாட்டினார்.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் இவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சீட்டில் எழுதித்தான் குருக்களிடம் நீட்டுகிறேன். வாய் சொல்லாததை முருகன் அறிவான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏனுங்க, நீங்க என்னைய ஏய், இந்தான்னு இல்லாம எப்பங்க பேர் சொல்லிக் கூப்புட்டீங்க? என்ற நட்சத்திரமாச்சும் தெரியுமுங்களா?"

"சும்மா இரு. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கிவிட்டார்.

நாளை கிருத்திகை. சீட்டு எழுதி வைத்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, அதில் என் பெயரும் என் நட்சத்திரமும் மட்டும்.