நம் மேடையில் உடைந்த டிரம் மெஷின்

அண்ணா,

தலையில் எத்தனை தையல்?

ராக் இசையை விட்டு டான்ஸ் பாட்டுக்கு மாறியது உன் முடிவு. டிரம்ஸ் வாசித்த என்னை ஓரங்கட்டிவிட்டு, தானாகவே தாளம் போடும் அந்த டிரம் மெஷினை நடுமேடையில் வைத்தாய். எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் நம் ரசிகன் ஒருவன் மேடையேறி, "எங்க ராக் பேண்டையே கெடுத்துட்டியேடா!" என்று கத்தி, மெஷினை உதைத்து உடைத்து, மைக் ஸ்டாண்டால் உன் மண்டையையும் பிளந்தபோது சும்மா நிற்க முடியவில்லை. அவன் பல்லைப் பெயர்த்தேன்.

"நீ எங்க ஆளுதானே, இவனுக்காகவா அடிக்கிற?" என்று கேட்டுக் கேட்டு அவன் கூட்டாளிகள் என்னை மிதித்தார்கள். எங்கே மிதித்தார்கள் என்பதை விடு.

கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். மெஷினைப் பழுதுபார்க்கக் கொடு. இனி நமக்கு அதுதான் டிரம்மர்.

கோபம் தீராத,
உன் தம்பி