பன்னிரண்டாம் அத்தியாயம் உன் பாடு

இன்று காலையில் கரையில் யாரோ படகு இன்ஜினைக் கயிறு இழுத்துக் கிளப்பினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை என் வாசல் வரைக்கும் வந்தது. புகை வந்தால் பின்னாலேயே நீ வருவாய் என்று இத்தனை வருடம் பழகிய உடம்பு, நான் சொல்லாமலே எழுந்து நின்றது. டீக்கு இரண்டாவது தம்ளரையும் கை எடுத்துவிட்டது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உன்மேல் கோபமும் இருக்கிறது. கேட்க இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

நம் நாவல் இன்னும் முடியவில்லை. அதுதான் விஷயம்.

டச்சுக்காரன் கல்லறைக்கு நாம் முதலில் போனது நிழலுக்காகத்தான். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண் ஒன்று உண்டே, அதன் தலையில் கைவைத்து நீ சொன்னாய்: “இவனுக்கு இன்னா குறை, சிரிச்சிக்கினே நிக்கிறான்.” உள்ளே கல்லின் எழுத்துகளை விரலால் தடவினோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. “இவனுங்க திரும்பி வர்றதா இருந்தா எந்த வழியா வருவானுங்க?” என்று கேட்டாய். “முகத்துவாரம் வழியாத்தான், வேற வழி ஏது?” என்றேன். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் நாவல் கிளம்பியது.

டச்சுக்காரன் இங்கே கோட்டை கட்டி வெடிமருந்து அரைத்துக்கொண்டிருந்த காலம். அம்பலம் என்று ஒரு படகுத் தச்சர். வருடங்களுக்குள் ஓடுகிற படகு ஒன்றை யாருக்கும் தெரியாமல் அலையாத்திக் காட்டுக்குள் கட்டியிருக்கிறார். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் திறந்திருந்தால் அந்தப் படகுக்கு வழி உண்டு. மண் மூடிவிட்டால் காலமும் மூடிவிடும். அவரிடம் வந்து சேர்கிறான் தேசப்பன். அடிமைகளை ஏற்றிய கப்பலிலிருந்து குதித்துத் தப்பியவன். கத்தியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கோட்டையையே கொளுத்த வேண்டும் என்று மருந்து திருடிச் சேர்க்கிறவன். அம்பலம் அவனுக்குச் சுக்கான் பிடிக்கச் சொல்லித்தருகிறார். இருவருமாக இந்த ஏரியே இல்லாத காலத்துக்கெல்லாம் போய்வருகிறார்கள், துப்பாக்கியோடு துரத்தும் சிப்பாய்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டு.

நீ இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவன். உன்னை ஏமாற்ற முடியாது.

“யோவ், காலத்துல போற படகுன்னு எழுதிட்டே. சூடு எங்க போவும்?”

“இது கதை. சூடெல்லாம் கிடையாது.”

“எந்த இன்ஜினா இருந்தாலும் சூடு வெளிய போயாவணும்யா. கதைன்னா மட்டும் இன்னா, உள்ளயே வெச்சிக்குமா?”

மூன்று நாள் சண்டை. கடைசியில் நான் எழுதிய ஐந்தாம் அத்தியாயத்தில் படகின் பின்னால் ஏரி கொதித்து, வெந்த கெளுத்தி மீன் மிதந்தது. “இப்பதான் நம்புற மாதிரி இருக்குது” என்று ஸ்பானரைக் கீழே வைத்தாய்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பொட்டலம் மடித்த காகிதத்தைப் படித்துப் படித்து எழுத்து கற்றவன். ஏரியைப் பற்றி ஆராய வந்த ஒருவர் நம் நோட்டைப் புரட்டிவிட்டு, “நீங்க ஏலேலோ பாட்டு, தாலாட்டு இதெல்லாம் எழுதித் தரலாமே ஐயா” என்றாரே, நினைவிருக்கிறதா? மீன் பிடிக்கிறவன் பாட்டுத்தான் பாட வேண்டுமாம், காலத்தைக் கடக்கிற படகைப் பற்றி அவன் யோசிக்கக் கூடாதாம். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நீ மட்டும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தனுப்பினாய்.

இரண்டு பேர் ஒரு நாவலை எப்படி எழுதுவது என்று தெரியாமல், நமக்குத் தெரிந்த ஒரே முறையை வைத்துக்கொண்டோம். ஏரியில் இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை போட்டு வலை இறக்குகிறோமே, அந்தப் பாடு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை நனைக்கக் கூடாது. மீன் துள்ளினாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அதேபோல ஒற்றை எண் அத்தியாயம் என் பாடு, இரட்டை எண் உன் பாடு. ஒரே நோட்டு இருவரிடமும் மாறி மாறிப் போகும். நீ எழுதியதை நான் தொடக் கூடாது, நான் எழுதியதை நீ தொடக் கூடாது. பன்னிரண்டோடு முடிக்க வேண்டும்.

பத்தாம் அத்தியாயம் வரைக்கும் அந்த முறை உடையவில்லை.

பத்தில் தேசப்பன் படகைத் திருடிக்கொண்டு தனியாக நம் காலத்துக்கு வந்துவிடுகிறான். தெற்கே துறைமுகத்தின் ராட்சத கிரேன்களைப் பார்க்கிறான். மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அங்கேயே வேலைக்குச் சேர்கிறான். படகைத் திருப்பி அனுப்பும்போது அதில் அம்பலத்துக்கு ஒரு ஓலை வைக்கிறான்: ‘உனக்குப் படகுதான் புள்ள. நான் சும்மா கூட வந்தவன்.’

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. என் மகன் துறைமுக வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, அந்த ஹெல்மெட்டோடு இந்த வாசலை மிதிக்காதே என்று நான் சொன்னேன். அதற்கு அவன் சொன்ன பதில் இது. படகு என்ற இடத்தில் அவன் ஏரி என்று சொன்னான். அவ்வளவுதான் வித்தியாசம். அவன் அதைச் சொன்னபோது வீட்டில் நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியென்றால் அவன்தான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்பேர் வாங்கப் பொன்னேரிக்குப் போகிறேன் என்பாய். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறக்காது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நீ போனது அனுப்பம்பட்டுக்கு. என் மகன் வீட்டுக்கு.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். காகிதம் கிழிகிற அளவுக்கு.

மறுநாள் மத்தியானம் உன் ஷெட்டுக்கு நோட்டைக் கொண்டுவந்தேன். இன்ஜினை ஸ்டாண்டில் மாட்டிவைத்திருந்தாய். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பத்தாம் அத்தியாயத்தைப் பிரித்தாய். முகம் மாறவில்லை.

“என் பாட்டுல கை வெச்சிட்டியே” என்றாய்.

“என் வூட்டு வார்த்தைய நீ திருடலாமா?”

“திருடலய்யா. அவன் கொடுத்தான். உன்கிட்ட சொல்லிப் பார்த்தான், நீ வாங்கிக்கல. யாராவது வாங்கிக்கணுமில்ல?”

“இனிமே அவன்கிட்ட போவாதே.”

“அது உன் பாடு இல்ல.”

நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரே மூச்சில் பதினோராம் அத்தியாயத்தை எழுதினேன். படகு ஆள் இல்லாமல் திரும்பி வருகிறது. அம்பலம் ஓலையைப் படிக்கிறார். கோடரியை எடுத்துப் படகை ஒவ்வொரு பலகையாக உடைத்து அடுப்பில் போடுகிறார். அந்த வருடம் முகத்துவாரமும் மண் மூடிவிடுகிறது. இனித் தேசப்பன் நினைத்தாலும் திரும்ப முடியாது. என் பாட்டில் எனக்கு உரிமை உண்டல்லவா? நோட்டை டீக்கடைக்காரரிடம் கொடுத்து உனக்கு அனுப்பினேன். நேரில் வரவில்லை.

ஏழு மாதம் அது உன்னிடம் இருந்தது. தெருவில் எதிரே வந்தால் நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு போவேன். நீ மட்டும் ஒவ்வொரு முறையும் “இன்னாயா” என்று கேட்டுவிட்டுத்தான் போவாய். பதில் வராது என்று தெரிந்தும் கேட்பாய். பிறகு ஒரு பகலில், அதே ஷெட்டில், பாதி கழற்றிய இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். உன்னைத் தூக்கியவர்களில் என் மகனும் ஒருவன். நான் கூட்டத்தின் மறு முனையில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து உன் மகள் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பத்தாம் அத்தியாயத்தில் நான் அடித்த வரிக்கு மேலே, சின்ன எழுத்தில், அதே வரியை மறுபடி எழுதிவைத்திருந்தாய். பதினொன்றுக்கு அடுத்த பக்கத்தில் ‘பன்னிரண்டு’ என்று தலைப்பு. அதன் கீழே ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்துக்காரர் வந்து பதினொன்றையும் படித்தார். அச்சுப் போடுகிறேன் என்றார். கடைசி அத்தியாயம் வேண்டுமாம். “நீங்களே எழுதிடுங்களேன் ஐயா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்” என்றேன். செத்தவன் பாட்டில் வலை போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை வரவில்லை. ஒரு தடவை உன் பாட்டில் கைவைத்ததே போதும்.

ஆனால் நாவல் அப்படியே கிடக்கவும் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் ஊர் முறையை யோசித்தேன். ஆள் போய்விட்டால் அவன் பாடு யாருக்கு? அவன் பாட்டு நாளில் வலையின் மறு முனையை எவன் பிடித்தானோ அவனுக்கு. உன் மகளைக் கூப்பிட்டேன், நீ எழுதும்போது வீட்டில் கூட இருந்தவள், அவளுக்குத்தான் சேரும் என்று நினைத்து. அவள் கையை உதறினாள்.

“எனக்கு இன்னா தெரியும் பெரியப்பா? கதையில அந்தப் பையன் பேசுறது பூரா நைனா அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டுத்தானே எழுதுவாரு. ஞாயித்துக்கெழமைன்னா அதுதானே வேலை.”

அண்ணன் என்று அவள் சொன்னது என் மகனை. தேசப்பனின் கோபம், திருட்டு, தூக்கத்தில் பிடித்த கத்தி எல்லாமே அவன் சொன்னது. ஐந்து அத்தியாயமாக வலையின் மறு முனையில் அவன் நின்றிருக்கிறான். என் பாட்டு நாளில் நானே அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், தெரியாமல்.

நான் அவனை மன்னித்துவிடவில்லை. அது வேறு. முறை என்று வந்தால் பன்னிரண்டு அவனுடையது, அதனால் போனேன். பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில், அனுப்பம்பட்டில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன். மகன் வீட்டுக்கு வழி கேட்கிற தகப்பனாக நின்றேன்.

கதவை அவனே திறந்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “இன்னா நைனா, உடம்புக்கு இன்னா?” என்றான்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. பன்னிரண்டு உன் பாடு. கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

நோட்டை வாங்கி நின்றபடியே பதினொன்றைப் புரட்டினான். படகு உடைகிற இடத்தில் சிரித்தான். உன்னைப் போலவே மூக்கால் சிரிக்கிறான், எங்கே கற்றானோ.

“ஒடச்சது ஒடச்சதுதான். நான் மாத்த மாட்டேன்” என்றேன்.

“மாத்த வேணாம். சித்தப்பா அதுக்கு வழி வெச்சிருந்தாரு.” சித்தப்பா என்று அவன் சொன்னது உன்னை.

“இன்னா வழி? படகும் இல்ல. முகத்துவாரமும் மூடிக்கிச்சி.”

“மூடிக்கினா படகுதான நைனா போவாது? ஆளு நடந்து வரலாமில்ல?”

இந்தக் கரையில் பிறந்தவன் நான். மண் மூடிய கோடையில் தலையில் வலையோடு அந்த மணலின் மேல் எத்தனை முறை நடந்து அக்கரைக்குப் போயிருப்பேன். தேசப்பன் வழியை அடைப்பதாக நினைத்துக்கொண்டு அவனுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

“எப்ப சொன்னாரு?”

“நீ பதினொண்ணு அனுப்பினியே, அடுத்த ஞாயித்துக்கெழமையே. எழுதிடுங்க சித்தப்பான்னேன். ‘உங்க நைனா வந்து கேக்கட்டும், அப்பறம் எழுதுறேன்’னாரு.”

உன்மேல் கோபம் என்றேனே, இதுதான். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் தெருவில் “இன்னாயா” என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரத்தில் உன் ஷெட். நான் வருவேன் என்று எதை வைத்து நம்பினாய்? என்னை இத்தனை வருடம் தெரிந்தவன் அல்லவா நீ?

“நான் எழுதினா அடிச்சிருவியா?” என்று கேட்டான்.

“உன் பாட்டுல கை வெக்க மாட்டேன்.”

“ஷிஃப்ட் மாறி மாறி வருது. நாளாவும்.”

“ஆவட்டும்.”

“சாப்ட்டுப் போ நைனா.”

“ரயில் போயிடும்” என்றேன். அடுத்த ரயில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டேஷன் வரைக்கும் வந்தான். ஹெல்மெட் கையில் இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். பதினோராம் அத்தியாயம் அப்படியே இருக்கும். பத்தாம் அத்தியாயத்தில் நான் போட்ட கோடு தப்பு.

தேசப்பன் மணலில் நடந்து வந்து அம்பலத்தின் முன்னால் நிற்கும்போது அந்த மனிதர் என்ன சொல்வார் என்பது இனி என் கையில் இல்லை. எனக்கு அவரைத் தெரியும். முதலில் வாயில் வருவது திட்டாகத்தான் இருக்கும். ஆறு அத்தியாயம் எழுதியும், அவன் திரும்பி வந்தால் சொல்வதற்கு அவர் வாயில் ஒரு நல்ல சொல்லை நான் வைத்துவிட்டு வரவில்லை. அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் இப்போது தினமும் கரைக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்.