அம்மா கையெழுத்துக்கு மேலே விட்ட இடம்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் நல்லபடி இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டு. சேதி என்னவென்றால், அரசியல் சாசனத்தையே திருத்திவிட்டார்கள். அப்பா வெளிநாட்டுக்காரர், அதனால் நீங்களும் வெளிநாட்டுக்காரர்கள் என்று விரட்டினவர்கள், இனி அம்மா இந்த நாட்டுக்காரி என்றாலே பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு என்கிறார்கள். நான் பெற்றது என் பிள்ளைதான் என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நேற்று உன் தங்கையின் விண்ணப்பத்தைக் கொடுத்தோம், அப்பா கையெழுத்து எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை, என் கையெழுத்தே போதுமாம். லாண்டரியில் என்கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன், உன் கட்டிலில் கிடந்த மூட்டைகளையும் எடுத்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டு வா. பிறப்புச் சான்றிதழை மறக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

அண்ணா, இனிமேல் வருவது நான் எழுதுவது. அம்மா தூங்குகிறாள், நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், குழாய் சொட்டினால்கூட அவள் எழுந்துவிட்டாள் என்று தூக்கிவாரிப்போடுகிறது. நீ வேலையை விடாதே. நேற்று அம்மா வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தபோது, உனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கலாம் என்று நான் மட்டும் கவுண்டருக்குப் போனேன். கிளார்க் உன் வயதைக் கேட்டார், இருபத்திரண்டு என்றேன். திருத்தம் அமலுக்கு வந்த அன்னைக்குப் பதினெட்டு முடியாதவங்களுக்குத்தான் பாப்பா, அண்ணனுக்கு வராதே என்றார். பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டு, எனக்கும் ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டுப் போயிருக்காங்க, இதை நான் எப்படிச் சொல்றது, நீயே வீட்ல சொல்லிடும்மா என்றார். நான் பஸ்ஸிலேயே சொல்ல வாயைத் திறந்தேன், அவள் அலமாரியில் எந்தத் தட்டு உனக்கு என்று பேசிக்கொண்டே வந்தாள். வேலையை விட்டால் அங்கே உன் விசா போய்விடும், இங்கே வழக்கம்போல வெளிநாட்டுக்காரனுக்கு முப்பது நாள் விசாதான், அப்புறம் எங்கே போவாய்? பதினெட்டு தாண்டியவர்களையும் சேர்க்கச் சொல்லி மனு போகிறதாம், நிறைய பேர் கேட்டால் இன்னொரு தடவை திருத்துவார்களாம். எனக்கு மட்டும் கிடைக்கப்போகிறதே, என்மேல் கோபமா அண்ணா?

காலையில் அம்மா இதைத் தானே ஒட்டித் தபாலில் போடுவாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்தைப் பக்கத்தின் அடியில் போடும்மா, அழகாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன், எனக்கு நடுவில் இடம் வேண்டியிருந்தது. விண்ணப்பத்துக்காக நாலு நாள் பழகிய கையெழுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டாள். அது செல்லும் என்று சட்டம் இப்போதுதான் சொல்லியிருக்கிறது. கீழே இருப்பது அவள் கையெழுத்துதான் அண்ணா, ஆனால் வராதே என்று அவள் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா