அரை மில்லிமீட்டர்

மார்ச் 4
நாத்தனாரின் புதுத் துப்பாக்கி இன்றும் பாதியில் நின்றது. ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறி, பேரலின் பின்முனையில் இருக்கும் சேம்பருக்குள் முழுசாக உட்கார வேண்டும். உட்காரவில்லை. அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடாமல் நூலளவு தள்ளியே நிற்கிறது. விசையை அழுத்தினால் சத்தமே இல்லை. பத்து விநாடியில் ஐந்து சுட வேண்டிய சுற்றில் இப்படி நின்றால் அவ்வளவுதான்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோர் முன்னாலும் பயிற்சியாளர் சொன்னார்: “துப்பாக்கி புதுசு. கோளாறு கையில இருக்கணும், இல்ல பராமரிப்புல இருக்கணும்.” கை அவளுடையது. கிளப் துப்பாக்கிகளின் பராமரிப்பு என்னுடையது. பதினெட்டாம் தேதி அணித் தேர்வு.

மார்ச் 5
அவள் என்னோடு பேசவில்லை. தன் அண்ணனிடம் — என் வீட்டுக்காரரிடம் — எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “துடைக்கிறவங்க ஒழுங்கா துடைச்சா நான் ஏன் திட்டு வாங்கறேன்?” அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நானும் சும்மா இருந்தேனா? “பிடிக்கிறவங்க ஒழுங்கா பிடிச்சா போதும்.” சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அவள் கைதான் காரணம் என்று எனக்குத் தெரியுமா என்ன?

மார்ச் 7
சேம்பரை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பளிங்கு மாதிரி இருக்கிறது. மறுபடியும் நின்றது.

மார்ச் 8
தோட்டா அடுக்கும் மேகசினை மாற்றினேன். நின்றது. ஸ்பிரிங்கை மாற்றினேன். நின்றது. அதே தோட்டாவைப் போட்டால் கிளப்பின் பழைய துப்பாக்கிகள் மூன்றும் மடமடவென்று ஓடுகின்றன. இதற்கு மட்டும் என்ன கேடு?

மார்ச் 10
கண்டுபிடித்துவிட்டேன். யாரும் சொல்லித் தராமல், நானே. கண்டுபிடித்துவிட்டேன்.

போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தோட்டா முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி, விரலாலேயே சேம்பருக்குள் தள்ளினேன். கடைசியில் இறுக்கிப் பிடித்தது. விளிம்பை நெம்பி எடுத்துப் பார்த்தால், உடம்பெல்லாம் மை அப்படியே இருக்கிறது. முனைக் குண்டில் மட்டும் சுற்றிலும் கீறல். பேரலின் உள்வரிகள் தொடங்கும் இடத்தில் குண்டு போய் இடிக்கிறது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். போன மாதம் வந்த பெட்டிகளில் தோட்டா பழையதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல் நீளம். பழைய பேரல்கள் தேய்ந்து இடம் விட்டுவிட்டன, புதுசு விடவில்லை. அவள் கையும் இல்லை, என் துணியும் இல்லை.

மார்ச் 11
பயிற்சியாளர் நம்பவில்லை. “இத்தனை வருஷமா இதே தோட்டாதாம்மா.”

“அப்ப நீங்களே சுட்டுப் பாருங்க சார்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சுட்டார். மூன்றாவதில் நின்றது. திரும்பச் சுட்டார். ஐந்தாவதில் நின்றது. பழைய பெட்டித் தோட்டாவை நீட்டினேன். ஐம்பதும் ஓடின. நாத்தனார் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

“பழைய பெட்டி எத்தனை இருக்கு?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“நாலு. அவளுக்குத் தாராளம்.”

திரும்பும்போது பஸ்ஸில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அண்ணி, அன்னிக்கு வாய் நீண்டுடுச்சு.”

“எனக்கும்தான்” என்றேன்.

மார்ச் 18
அறுபது சுட்டாள். ஒன்றுகூட நிற்கவில்லை. இரண்டாம் இடம். அணியில் இருக்கிறாள்.

மார்ச் 20
பத்து நாள் போட்டிக்கு அணியோடு போகிறவர்கள் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். கடைசி வரியில் துப்பாக்கி மெக்கானிக் என்று போட்டு என் பெயர். பயிற்சியாளரிடம் கேட்டேன். “நீங்க வரலைன்னா பஸ்ஸே ஏற மாட்டேன்னு உங்க நாத்தனார் சொல்லிட்டா. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு.”

வீட்டில் நானும் அவளும் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று கேட்டார்: “அப்ப பத்து நாளைக்கு எனக்குச் சாப்பாடு?”

“அடுப்பு அங்கதானே இருக்கு” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.